ஞானமுத்து எல்லோரிடமும் சொன்ன தவறு

ஞானமுத்து இறந்துவிட்டார் என்ற செய்தியை நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த டாக்ஸி டிரைவர் ஒருவர்தான் கடைக்கு வந்து சொன்னார். "ராத்திரி சாப்பிட்டுக் கிடந்த ஆளு, விடியக்காலம் எழும்பல்ல சாமி" என்றார். சொல்லும்போது அவருடைய பார்வை என் இடது கண்ணில் ஒரு கணம் நின்று விலகியது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. அந்தக் கண் போன கதையை ஞானமுத்து அவருக்கும் சொல்லியிருக்கிறார்.

சாலைக் கடைத்தெருவில் நாங்கள் இருவரும் கூட்டாக நடத்திய பாட்டரி சார்ஜ் கடைக்கு வந்துபோன உங்களில் பலருக்கு அது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கடை தொடங்கிய புதிது. ஒரு கல்யாணக் காரின் பாட்டரியை சார்ஜில் போட்டிருந்தோம். சாரல் அடிக்கிறது என்று ஞானமுத்து ஜன்னலைச் சாத்தியிருந்தார். சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஒரு வாயு கிளம்பும். பொறி பட்டால் அது வெடிக்கும். ஆகவே ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும். இரண்டும் எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். வாசலில் கார்க்காரர் "இதுவரெ கழிஞ்ஞில்லே?" என்று, இன்னும் முடியவில்லையா என மலையாளத்தில் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். ஞானமுத்து சுவிட்சைத் தொடாமல் கிளிப்பைப் பிடுங்கினார். பொறி பறந்தது. பாட்டரியின் மேல்மூடி சிதறி, பக்கத்தில் குனிந்து நின்ற என் முகத்தில் ஆசிட் அடித்தது. என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய் வாளி வாளியாக ஊற்றினார். "கண்ணத் தொறயும் சாமி, தொறயும்" என்று கதறினார். அந்தத் தண்ணீரால் வலது கண் பிழைத்தது.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் வலியசாலை அக்கிரகாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருவிலேயே நின்றார். ஜாதி பார்த்து, திண்ணைக்கு மேலே வரும்படி சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதை எழுத இன்று கூசுகிறது. என் தமையனார் சண்டையை விரும்பாதவர். "பாட்டரி பழசாமே. கார்க்காரரே சொல்றார். நீர் என்ன பண்ணுவீர்?" என்றார்.

அதை ஒப்புக்கொண்டு போயிருக்கலாம். ஞானமுத்து தலையை ஆட்டினார். "பாட்டரிக்கு ஒண்ணுமில்ல சாமி. சுவிட்ச அணைக்கணும்னு எனக்குத் தெரியும். பெரிய மனுஷன் வாசல்ல நிக்காரு, அவரக் காக்கவைக்க எனக்கு நாணமா இருந்துது. அதுலதான் உங்க தம்பிக்க கண்ணு போச்சு."

தெருவில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே போய்விட்டாள். பிறகும் நெடுநேரம் அவர் வெயிலில் நின்றார்.

கடைக்கு நான் திரும்பியபோது ஜன்னல் கதவுகளையே கழற்றிவிட்டிருந்தார். சார்ஜ் அறையில் எப்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் இருந்தது. வருகிற எவரிடமும் அந்தக் கதையைச் சொன்னார். யுத்த காலத்தில் ஒரு லாரி டிரைவர் வாயில் பீடியோடு உள்ளே நுழைந்தார். ஞானமுத்து என்னைக் காட்டி, "இந்தச் சாமிக்க கண்ண நான்தான் பொட்டையாக்கினேன். பீடிய வெளிய போட்டுட்டு வாரும்" என்றார். அந்த ஆள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார். எனக்கு உடம்பெல்லாம் குன்றிப்போயிற்று.

அன்று கடை அடைக்கும்போது கேட்டுவிட்டேன். "எல்லார்கிட்டயும் சொல்லணுமா ஓய்? என் மூஞ்சியைக் காட்சிப் பொருள் மாதிரி பாக்கறா."

"எனக்கும் நாணக்கேடுதான் சாமி. ஆனா இந்த நாணம் விட்டுப்போச்சுன்னா, நான் மறுபடியும் சுவிட்ச மறந்துருவேன்."

அதன்பிறகு என் எதிரில் அவர் சொல்லவில்லை. புதிய ஆள் வந்தால், "சாமி, ஒரு சாயா குடிச்சிட்டு வாரும்" என்று என்னை அனுப்பிவிடுவார். திரும்பி வரும்போது அந்த ஆள் என் முகத்தைப் பார்க்கமாட்டார். சொல்லியாயிற்று என்று தெரிந்துகொள்வேன்.

சர்ச்சில் நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசியவர்கள் அவருடைய நாணயத்தையும் பக்தியையும் புகழ்ந்தார்கள். முன்வரிசையில் என்னை வைத்துக்கொண்டு ஒருவரும் கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. வெளியே வந்தபோது அவர் மனைவி ரோசம்மாள் எதிரில் வந்து நின்றார்.

"ஒருத்தரும் அதச் சொல்லல்லையே சாமி."

"போன மனுஷனைப் பத்தி அதை எப்படிம்மா சொல்றது?"

"அவரு மறைக்காதத நாம எதுக்கு மறைக்கணும்? இனி கடையில வாறவங்களுக்கு யாரு சொல்லுவா?"



கடையை மறுபடி திறந்த அன்று, சார்ஜுக்குக் கொடுத்திருந்த ரேடியோ பாட்டரியை வாங்கிப்போக ஒரு குமாஸ்தா வந்தார். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது போலும். நான் திரும்புவதற்குள் சார்ஜ் அறைக்குள் புகுந்து கிளிப்பில் கை வைத்துவிட்டார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பாட்டரி பழசு, ஏதோ விபத்து என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. "என் கூட்டாளி ஞானமுத்து" என்று தொடங்கி, சாத்திய ஜன்னல், அணைக்காத சுவிட்ச், வாசலில் நின்ற பெரிய மனுஷர் எல்லாவற்றையும் சொன்னேன். இறந்தவரின் பிழையைச் சொல்லவும் வெட்கம், என் முகத்தைக் காட்டி நிற்கவும் வெட்கம். அவர் என் இடது கண்ணைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஞானமுத்து எனக்கு விட்டுப்போயிருப்பது இந்தப் பேச்சுதான். கூசிக்கொண்டேதான் அதைச் சொல்லி முடித்தேன். குமாஸ்தா மெதுவாகக் கையை எடுத்தார்.