இரும்புக்கடையில் மாட்டிய படம்

ஐம்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில் ஒரு கயிற்றுக்கடையின் மாடியறையை வாடகைக்குப் பிடித்து, நானும் என் கணவரும் ஒரு சித்திரக்கூடம் தொடங்கினோம். அவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். அவரும் நண்பர்களும் வரைந்த படங்களை மாட்டிவிட்டு, பகலெல்லாம் நான் காத்திருப்பேன். படியேறி வந்த ஓரிருவரும், "போட்டோ புடிக்கிற எடமா இது?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

முதல் படத்தை வாங்கியவர் அதே தெருவில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலிக்காரர். கடற்கரையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மாவின் படம் அது. கடையில் தன் நாற்காலிக்கு எதிரிலேயே மாட்டிக்கொண்டார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

சில நாளில் அந்த மீன்காரம்மாவே மாடியேறி வந்தார். அந்தக் கடையில் சாமான் இறக்கும் ஆள் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"இன்னாம்மா, என்னைய ஒரு வார்த்தை கேக்காம என் மூஞ்சிய வித்துட்டீங்களாமே? போறவன் வர்றவன்லாம் பாத்து சிரிச்சிகினு கீறானா?"

"சிரிக்கிற மாதிரி இல்லம்மா. நீங்களே வந்து பாருங்க" என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான் யோசித்தேன். இவர் கடையில் சத்தம் போட்டுவிட்டால் இரும்புக்கடை முதலாளி படத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவாரே! வாங்க வந்த ஒரே மனிதர் அவர்தான்.

இருவரும் போனோம். மீன்காரம்மா கடைவாசலிலேயே நின்று படத்தைப் பார்த்தார். நான் முதலாளியிடம் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"நீங்கதானா அது? உள்ள வாங்கம்மா. தெனமும் பாக்கேன், யாருன்னுதான் தெரியல."

மீன்காரம்மாவின் குரல் தணிந்துபோயிருந்தது. "நான் போட்டோகூட புடிச்சதில்ல நைனா. எம் பொண்ணை இட்டாந்து காட்டவா?"

"கட தொறந்திருக்கப்ப எப்ப வேணும்னாலும் வாங்க" என்றார் அவர்.



ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மீன்காரம்மா மகளை மட்டுமல்ல, தெருவையே கூட்டி வந்துவிட்டார். கடையில் இடம் போதாமல் எல்லோரும் எங்கள் மாடிக்கு ஏறினார்கள். "இது நம்ம பாலம்தான்", "இவன் உன் மச்சான் மாரியே கீறான்டா" என்று ஒவ்வொரு படத்தின் முன்னாலும் ஒரே பேச்சு. கூட்டத்தைக் காட்டுவதற்காக முதலாளியும் இரண்டு வியாபாரிகளை அழைத்து வந்தார். அவர்களில் ஒருவர் அன்றைக்கே ஒரு படம் வாங்கினார். என் கணவர் எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு, வரைவதற்கு முன் ஆளிடம் கேட்பது வழக்கமாயிற்று. வாங்க வருகிறவரிடமும் ஒன்று கேட்போம்: படத்தில் இருப்பவர் பார்க்க வந்தால் காட்டுவீர்களா? ஒரே ஒருவர்தான், "கண்டவங்களை வீட்டுக்குள்ள விட முடியாது" என்றார். அவருக்கு ஆளில்லாத கடல் படம் ஒன்றைக் காட்டினோம். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.