நீலப் பாகு

போன வாரம் என் மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆய்வகத்தில் அவள் கையில் அமிலம் தெறித்துவிட்டதாம். கழுவி மருந்து போட்டாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பயப்படாமல்தான் இருக்கப் பார்க்கிறேன். போன் அடித்தால் மட்டும் ஓடிப்போய் எடுக்கிறேன். அன்றிலிருந்து மாமாவின் நினைவாகவே இருக்கிறது.

மாமா தியாகதுருகம் பக்கத்தில் கரும்பு ஆலை வைத்து வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் மகனும் நானும் ஒரே வகுப்பு, ஆய்வகத்தில் ஒரே மேசை. அன்று மயில்துத்தம் என்கிற நீல உப்பைத் தயாரிக்க வேண்டும். சூடாக்கிய நீர்த்த கந்தக அமிலத்தில் கறுப்பான தாமிர ஆக்சைடுப் பொடியை, கரையாமல் மிஞ்சும்வரை போட்டுக் கலக்கினோம். வடிகட்டியதும் நல்ல நீலமாக இறங்கியது. அதைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சுண்டவைத்தோம். கண்ணாடிக் குச்சியின் நுனியில் எடுத்து ஆறவிட்டால் உப்புப் பூக்க வேண்டும், அப்போது விளக்கை அணைக்க வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார்.

மாமா மகனுக்குக் குச்சியில் நம்பிக்கை இல்லை. வெல்லப் பாகு கொதிக்கும் கொப்பரைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன். குச்சியில் இருந்ததை விரலில் தொட்டு, கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தான். கம்பி விழவில்லை. ஆலையில் அடுத்து என்ன செய்வானோ அதையே செய்தான். விரலை நாக்கில் வைத்தான்.

"இன்னாடா பண்ண?" என்று சார் ஓடிவந்தார்.

"பதம் பாத்தேன் சார்."

"ஏன்டா, உங்கப்பன் கொப்பரைன்னு நெனச்சிக்கினியா?" என்று பின் மேசையிலிருந்து ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. நானும்தான். மாமா மகன் வாந்தி எடுக்கத் தொடங்கிய பிறகே அடங்கினோம்.

சார் அவனை வாய் கொப்பளிக்கவைத்து, தன் வண்டியிலேயே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விளக்கை அணைத்துக் கிண்ணத்தை ஆறவைத்துவிட்டு ஓடிவந்த என்னையும், பின்னால் அவனைப் பிடித்துக்கொள்ள ஏற்றிக்கொண்டார். உப்பு காய்ச்சும்போது நடந்ததைச் சொல்ல மாமாவுக்கு ஆள் போயிற்று. அவர் வந்தபோது முழங்கைவரை பாகு காய்ந்திருந்தது. கொதிக்கிற கொப்பரையை விட்டு அவர் நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை சாவுச் செய்தி வந்தபோதுகூட இறக்கிவைத்துவிட்டுத்தான் போனார்.

மகன் உள்ளே இருந்தான். மாமா சாரிடம், "உப்பு நல்லா வந்துச்சுங்களா சார்?" என்றார்.

"வந்துச்சுங்க."

"கெட்டியா நின்னுதுங்களா?"

சார் என்னைப் பார்த்தார். "ஆற வெச்சிருக்கு மாமா, நாளைக்குத்தான் கட்டி கட்டியா நிக்கும்" என்றேன்.

"கலரு?"

"நீலம் மாமா."

"ஜாஸ்தி காஞ்சா?"

"வெளுத்துரும் மாமா."

எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவர் யாரும் என்னிடம் பாடத்தைப் பற்றி இப்படிக் கேட்டதில்லை. அமிலம் ஊற்றியதிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவர் கதவைப் பார்த்தபடியே தலையாட்டினார். நான் நிறுத்தினால், "அப்புறம்?" என்றார்.

நர்ஸ் வெளியே வந்து, "ஒன்னுமில்லீங்க, நல்லாருக்கான். கூட்டிக்கினு போலாம்" என்றார். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே நீலக் கட்டிகளைத் தாளில் மடித்து ஆலைக்கு எடுத்துப்போய் அவரிடம் நீட்டினேன். மாமா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அத தூரப் போடு" என்றார். அவ்வளவு ஆசையாகக் கேட்டவருக்கு அதற்குள் என்ன ஆயிற்று என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.