சிவகாமி பேசவைத்த திரை

சிவகாமி இறந்துவிட்டார் என்று அவர் கணவர் அழைத்துச் சொன்னபோது, கிள்ளானில் என் கடை வாசலில் லோரியிலிருந்து பழைய தொடுதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் திரைகள் அவை. வாங்கி விற்பது என் வேலை. சரிசெய்து பொருத்துவது அவருடையது. முந்தின நாள்தான் மட்டமான கம்பி வாங்கியதற்காக என்னைத் திட்டியிருந்தார். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். என்னிடம் அவர் அப்படி இருந்ததில்லை. "அண்ணே, விக்கிற வாயைக் கொஞ்சம் மூடுங்க" என்பார், வாடிக்கையாளர் முன்னாலேயே.

சில வருடங்களுக்கு முன், பண்டமாரானில் ஒரு மசாலா தொழிற்சாலையில் பொட்டலம் போடும் இயந்திரத்தை ஓட்டியவர் கமலா அக்கா. திரையில் எல்லாம் ஆங்கிலம். அக்காவுக்குத் தமிழ்தான் படிக்க வரும். எச்சரிக்கை வந்தால் யாரையாவது கூப்பிட வேண்டும், அதுவரை இயந்திரம் நிற்கும். அவரைக் கழுவும் பகுதிக்கு மாற்ற மேலாளர் முடிவெடுத்திருந்தார். நானோ புதுத் திரை விற்கப் போயிருந்தேன். சிவகாமி குறுக்கே வந்து மேலாளரிடம் சொன்னார்.

"புதுசும் இங்கிலீஷ்தானே பேசும்? இதுலயே தமிழ் போட்டுடலாம், பாஸ்."

அந்தப் பழைய திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒவ்வொரு சொல்லையும் படமாக வரைந்து ஏற்ற வேண்டும். அத்தனை படங்களுக்கு உள்ளே இடமில்லை. என் கடையில் உடைந்து கிடந்த ஒன்றிலிருந்து கூடுதல் மெமரி அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

"செந்தமிழ்ல போடும்மா, முதலாளிக்குப் பெருமை" என்றேன்.

"பெருமைக்கு அவர் பேனர் கட்டிக்கட்டும் லா" என்றவர் கமலா அக்காவிடம் திரும்பினார். "அக்கா, இந்தச் சிவப்பு வந்தா என்னன்னு சொல்வீங்க?"

"பெல்ட் மாட்டிக்கிச்சுன்னு கத்துவேன்."

அதையே வரைந்தார்.

திரையில் கைவைக்குமுன், அதில் இருந்தது முழுவதையும் தன் கணினியில் எடுத்து வைத்தார். மின்சாரத்தை நிறுத்தி, உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்க இயந்திரத்தின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, அட்டையைச் செருகினார். மறுபடி மின்சாரம் கொடுத்ததும் திரை ஒளிர்ந்தது, ஆனால் படங்களை ஏற்றினால் இடம் போதாது என்றது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், புதுத் திரையின் விலை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

சிவகாமி அசரவில்லை. "வீட்டுல ஒரு ரூம் கூட்டிக் கட்டினா போதுமாண்ணே? உள்ள இருக்கறவங்களுக்குச் சொல்லணும்ல." இந்தத் திரைக்குக் கூடுதல் மெமரி உண்டு என்று கணினியில் அமைப்பை மாற்றி, மறுபடி அனுப்பினார். எல்லாப் படங்களும் ஏறின.

பிறகு ஒரு காலி அட்டைப்பெட்டியை வேண்டுமென்றே பெல்ட்டில் சிக்கவைத்தார். இயந்திரம் நின்றது. சிவப்பில் வந்தது: பெல்ட் மாட்டிக்கிச்சு.

கமலா அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெட்டியை உருவினார், 'எடுத்தாச்சு' என்ற பொத்தானை அழுத்தினார். இயந்திரம் ஓடியது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. "சரி, அக்கா இங்கேயே இருக்கட்டும்" என்றார் மேலாளர்.

இன்றும் அங்கேதான் இருக்கிறார். இறுதிச் சடங்கில் என்னைக் கண்டதும், "புதுசா வந்த பொண்ணுங்களுக்கு இப்ப நான்தான் மிஷின் சொல்லித் தரேன், பாஸ்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

போன வாரம் காஜாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். இயந்திரத்தில் நின்றவர் நேபாளத்துக்காரர். மேலாளரின் அறைக்குப் போகாமல் நேரே அவரிடம் போய், இது நின்றுவிட்டால் உங்கள் பாஷையில் எப்படிச் சொல்வீர்கள் என்று அரைகுறை மலாயில் கேட்டேன். சொன்னார். என் வாயில் அது வரவில்லை, அவர் சிரித்தார். மறுபடி சொல்லச் சொன்னேன். விலை பேசுமுன் திரையைத் தொடப்போகும் ஆளிடம் போய் நிற்கும் இந்தப் பழக்கம் சிவகாமியுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.