உண்டியலில் விழுந்த பத்தாம் வகுப்பு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் ஓடிவிட்டது. பேனாவை எடுப்பேன், மாமா முகம் கண்ணில் வரும், மூடி வைத்துவிடுவேன். அவர் இருக்கும்வரை அவர் மனசு நோகிற மாதிரி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று இருந்தேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் சொந்தபந்தத்தில் இந்தக் கதையை வேறு மாதிரித்தான் சொல்லுவார்கள். பெருமாளே என் கனவில் வந்து அஞ்சு பாடத்தையும் ஒப்பித்துவிட்டுப் போனார் என்பார்கள். நானும் மறுத்துப் பேசியதில்லை. இப்போது போய் அப்படி இல்லை என்று எழுதினால் சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று தயக்கம். போன புரட்டாசிச் சனிக்கிழமை மலையேறி, நடந்ததை நடந்தபடி எழுதட்டுமா என்று சன்னதியில் நின்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போது கையில் துளசி விழுந்தது. சரி என்று எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசி. நான் ராஜபாளையத்தில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு நூல்மில்லில் ஷிப்டு வேலை. அம்மா எங்கள் தெருக் கடைசியில் இருந்த பேண்டேஜ் கொட்டகையில், செட்டு என்போம், வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற துணி. நீளத் துணியை அகலம் பார்த்துக் கிழித்து, கைப்பிடி வைத்த சின்ன மிஷினில் கொடுத்து உருட்டி, தாளில் பொதிந்து லேபிள் ஒட்டுவார்கள். என் அக்கா எட்டாவதில் தவறியதும் அங்கே போய் உட்கார்ந்தவள், கல்யாணமாகிப் போகிற வாரம்வரை உருட்டினாள். எனக்கும் அப்பா சொல்லிவிட்டார். பாஸானால் மேலே படி, தவறினால் மறுநாளே செட்டுக்குப் போ. கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்லுவதுபோலச் சொன்னார்.

கைடு வாங்க வசதி கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா மகள் முந்தின வருஷம் பாஸானவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய், அவளுடைய கைடையும் டீச்சர் கொடுத்த குறிப்புகளையும் பார்த்துப் பொழுது சாய்கிறவரை எழுதுவேன். சாயங்காலம் பெரியம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய், ஆண்டாள் முன்னால் நிறுத்தி, ‘இவ கைவலிக்கு ஒரு வழி பண்ணு தாயே’ என்று வேண்டிக்கொள்வாள். கார்த்திகையில் ஆரம்பித்தது தையில் முடிந்தது. தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், வரலாறு பூகோளம் என்று அஞ்சு நாற்பது பக்க நோட்டு. பாடப்புத்தகத்தில் முப்பது பக்கத்துக்கு இழுக்கிற விஷயம் என் நோட்டில் ஒரு பக்கம். எது முக்கியம், எதை எதற்கு அடுத்து எழுத வேண்டும் எல்லாம் அதில்தான். நான் எழுதி முடித்ததும் அந்தக் கைடுகள் வேறு ஊரில் யாருக்கோ போய்விட்டன.

பள்ளிக்கூடம் விட்டதும் செட்டுக்குத்தான் போவேன். அங்கே டியூப்லைட் உண்டு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வாய் சத்தம் வந்தால்தான் படிக்கிறேன் என்று நம்புவாள். சத்தம் நின்றால், “ஏட்டி, என்ன கனவு?” என்பாள். அதனால் அஞ்சு நோட்டையும் உரக்க வாசிப்பேன். செட்டில் இருந்தவர்களுக்கும் என் சத்தத்துக்கு உருட்டிப் பழகிவிட்டது. அப்பாவின் அக்கா, என் அத்தை, துணி கிழிப்பாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா அம்மாவோடு சேர்ந்து உருட்டுவாள். லேபிள் ஒட்டுகிறது ஒரு சித்தி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவள். நான் இவர்களுக்காக வாசிக்கவில்லை. இவர்கள் கேட்கிறார்கள் என்றுகூட நினைத்ததில்லை.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பட்டாளத்தில் இருந்த மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. சனிக்கிழமை மலைக்குப் போகிறேன் என்றார். எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துப் பெருமாள் நிற்கிற குன்று. அம்மாவுக்கு ஒரு யோசனை. அஞ்சு நோட்டையும் சுருட்டி, புது மஞ்சத்துணியில் முடிந்து, பெருமாள் பாதத்தில் வைத்து வாங்கி வரச்சொல்லி மாமா கையில் கொடுத்தாள். நான் ஒரு நாள் படிப்பு போகிறதே என்று முனகினேன். என்னை யார் கேட்டார்கள்.

மாமா சாயங்காலம் நெற்றி நிறைய நாமத்தோடு வந்தார். துளசி, சந்தனம், பொரிகடலை எல்லாம் வந்தது. நோட்டு வரவில்லை.

“ஏலே, நோட்ட எங்க?” என்றாள் அம்மா.

“பாதத்துல வச்சு வாங்கி உண்டியல்ல போட்டுட்டேன்க்கா.”

“உண்டியல்லயா? அதத் திருப்பிக் கொண்டாரச் சொன்னேன்லலே.”

“மஞ்சத்துணில முடிஞ்சு மலைக்குக் கொண்டுபோனத வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாருவாகளா? நீ வாய் தவறிச் சொல்லிட்டேன்னு நெனச்சேன். சின்ன வயசுல நீதானக்கா எனக்குச் சொல்லிக் குடுத்த.”

அவர் சொன்னது உண்மை. எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மஞ்சத்துணியில் காசு முடிந்து வைப்பார்கள். முடிந்தது பெருமாளுக்கு. மலையேறிய முடிச்சு வீடு திரும்பக் கூடாது. அங்கே வாய் அகலமான பெரிய துணி உண்டியல் ஒன்று தொங்குகிறது, அதில் சிரமமில்லாமல் இறங்கிவிட்டது என்று மாமா பெருமையாக வேறு சொன்னார். நான் அழுத அழுகைக்குப் பிறகுதான் அவருக்கு விளங்கியது. பட்டாளத்துக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கிப் போனார்.

மறுநாள் அப்பா மலைக்குப் போனார். கோயில் குமாஸ்தா நல்ல மனுஷர். மோர் கொடுத்து உட்காரவைத்து, உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சொந்தம், சித்திரையில் அதிகாரிகள் முன்னால்தான் திறப்பார்கள் என்றாராம். சித்திரையில் என் பரீட்சையே முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் செட்டுக்குப் போய் மூலையில் உட்கார்ந்தேன். வாசிக்க ஒன்றும் இல்லை. மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. விஷயம் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“நோட்டப் பெருமாள் படிச்சுக்கிட்டு இருக்காரு. அவிய படிச்சு முடிக்கட்டும். நாம நம்ம சோலியப் பாப்போம். ஏட்டி, தாள எடு. முதல் உலகப் போருக்கு நாலு காரணம்.”

எனக்குக் கோபம் வந்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் துணியைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். ரகசிய உடன்படிக்கை, ஆயுதப் போட்டி, குடியேற்ற நாட்டுக்கு அடிதடி, தேச வெறி. என் நோட்டில் இருந்த அதே வரிசை.

“அஞ்சு,” என்றாள் லேபிள் சித்தி. “ஆஸ்திரியா எளவரசனச் சுட்டத விட்டுட்டிய மதினி.”

“அது உடனடிக் காரணம்டி. அதத் தனியா எழுதணும். பொண்டாட்டியையும் சேத்துல்ல சுட்டான். அவ என்ன பண்ணுனா பாவம்.”

நான் அழுகையை விட்டுவிட்டு வாயைப் பிளந்தேன். மாமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஓடிப்போய்ச் சூப்பர்வைசரைக் கெஞ்சி, தப்பாக அச்சான லேபிள் தாள் ஒரு கட்டு வாங்கி வந்தார். பின்பக்கம் வெள்ளை. அதில் எழுத ஆரம்பித்தேன்.

பரீட்சைக்கு மிச்சமிருந்த நாள் பூராவும் அப்படித்தான். தெலுங்கு அக்கா அறிவியலை எடுத்துக்கொண்டாள். இலை எப்படிச் சமைக்கிறது என்பதை, வெயிலும் தண்ணீரும் கரியமில வாயுவும் போட்டு மாவு எடுக்கிற சமையல் குறிப்பாகவே சொல்லுவாள். சித்திக்கு இங்கிலீஷ். லீவு லெட்டரை ‘ரெஸ்பெக்டட் சார்’ முதல் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ வரை பாட்டு ராகத்தில் சொல்லுவாள். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, ஒரு வார்த்தை விடமாட்டாள். தமிழைச் சித்தியும் அத்தையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பருத்தி எந்த மண்ணில் விளையும் என்று வந்தபோது செட்டே சேர்ந்து, “கரிசல்” என்றது.

கணக்குதான் யாருக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் அம்மா, மிஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னாள்.

“கூம்புன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. மூணுல ஒண்ணு, பையி, ஆரு ரெண்டு தடவ, எச்சு. சரியாட்டி?”

சரிதான். கூம்பின் கனஅளவு அதுதான். உருளையும் சரி, கோளமும் சரி. சூத்திரம் அத்தனையும் அவள் கைப்பிடி சுற்றுகிற தாளத்தில் இருந்தன. சுற்றுவதை நிறுத்தினால் மறந்துவிடும், மறுபடி சுற்றினால் வந்துவிடும். ராத்திரி சோற்றுக்கு முன்னால் அன்றைக்கு எழுதினதைப் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்பார்ப்பேன். ரெண்டு மூணு இடம் முன்பின்னாக இருக்கும், அவ்வளவுதான். மாமா அந்தத் தாள்களுக்குக் கோடு போட்டார், டீ வாங்கி வந்தார், பென்சில் சீவினார். மலையில் செய்ததற்கு அவ்வளவு பென்சிலும் பத்தாது என்று அத்தை குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்று சீவுவார்.

பரீட்சை மண்டபத்தில் எனக்கு யார் முகமும் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. உலகப் போர் கேள்வி வந்தது. அத்தை குரலில் எழுதிக்கொண்டே போனவள், ‘அவ என்ன பண்ணுனா பாவம்’ என்பதையும் எழுதப் போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். கணக்கில் கூம்பு வந்தது. மேஜைக்கு அடியில் என் வலது கால் தானாகச் சுற்றியது.

ரிசல்ட் பேப்பரில் என் நம்பர் இருந்தது. மாமா லீவு முடிந்து போய்விட்டார், அவருக்குத் தந்தி அடித்தோம். அப்பா மேலே படி என்று மறுபடியும் பஸ் நேரம் சொல்லுகிற குரலில்தான் சொன்னார். ஆனால் மில்லுக்குப் போகிற வழியில் எதிர்ப்பட்ட ஒருத்தர் விடாமல் சொல்லியிருக்கிறார். அந்தச் சனிக்கிழமையே குடும்பத்தோடு மலையேறித் தேங்காய் உடைத்தோம். கனவுக் கதை அன்றைக்குப் படிக்கட்டில் ஆரம்பித்ததுதான்.

மார்க் ஷீட் வந்த அன்று செட்டுக்கு எடுத்துப்போனேன். வாசலில் காலைக்கூட வைக்கவில்லை, அதற்குள் அத்தை கத்தரியைக் கீழே போட்டாள்.

“என் பாடத்துல எம்புட்டு?”

நான் விழித்தேன். பிறகு புரிந்து, வரலாறு பூகோளம் எழுபத்தெட்டு என்றேன். அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். தெலுங்கு அக்கா அறிவியலைக் கேட்டாள், எழுபத்தொன்று என்றதும் முகம் சுண்டி, கேள்வி கஷ்டமாக வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சித்தி இங்கிலீஷில் அறுபத்துநாலு வாங்கியதற்குக் கையெடுத்துக் கும்பிட்டு, தமிழில் பாதி தன்னுடையது என்றும் வழக்குப் போட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேடிக்கை செய்கிறார்கள் என்றே நினைத்தேன்.

அம்மா மட்டும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மார்க் ஷீட்டை விரித்துக்கொண்டு, “கணக்கு எந்த வரி?” என்றாள். காட்டினேன். தொண்ணூற்றொன்று. அந்த வரியில் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை. தாள் அழுக்காகிவிடும் கொடும்மா என்று நான் பிடுங்கப் பார்த்தேன். பதினஞ்சு வயசு எனக்கு, பாஸானது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கனவு, அசரீரி எதையும் சேர்க்க வேண்டாம். பெருமாள் நோட்டை வாங்கிக்கொண்டார், திருப்பித் தரவில்லை. திருப்பித் தந்தது துணி கிழித்தவளும் உருட்டினவர்களும் லேபிள் ஒட்டினவளும். மாமாவைப் பற்றிச் சொன்னால் பென்சில் சீவியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்க்கைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். யார் பாடத்தில் எவ்வளவு என்பதை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.