கோட்டைக் குன்றின் அடிவாரத்தில்

விடுமுறை நாளில், நான் புலம்பெயர்ந்து வாழும் ஓர்லிகோனிலிருந்து கோட்டை பார்க்க வந்திருக்கிறேன். குன்றின் மேல் பழைய கோட்டை, அதன் மதிலை ஒட்டிக் கிராமத்துத் தேவாலயமும் கல்லறைகளும். பார்த்துவிட்டு இறங்கி, மலைக் கிராமங்களுக்கு ஓடும் தபால் பஸ்ஸின் தரிப்பிடத்துக்கு வருகிறேன். அங்கே மர வாங்கில் ஒரு தமிழ்ப் பெண் மஞ்சள் பூச்செண்டுடன் இருக்கிறார். மட்டக்களப்புக்காரி. கணவர் கோட்டை உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறாராம்.

"தம்பி, மேல போயிட்டோ வாறீங்கள்? கல்லறையளில குழந்தைப்பிள்ளையளைத் தாட்ட பக்கம் பார்த்தீங்களோ?"

"ஓம் அக்கா."

"என்ர மகளும் அங்கதான். பிறந்து மூண்டாம் நாள் போயிட்டா. நாங்கள் சைவம் எண்டாலும் பாதிரியார்தான் இடம் தந்தவர். ஒவ்வொரு கிழமையும் பூ வாங்கிக்கொண்டு இந்தத் தரிப்பிடம் வரைக்கும் வாறன். மேல ஏறக் கால் வருகுதில்லை."

பூச்செண்டை மடியில் வைத்துவிட்டுக் குன்றை நிமிர்ந்து பார்க்கிறார்.

"அங்க வெயில் படுதோ?"

அந்த மூலையை மதியத்திலேயே கோட்டையின் நிழல் மூடிவிட்டது. என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

"ஓம் அக்கா, நல்ல வெயில்."

அவர் பூச்செண்டை என்னிடம் நீட்டுகிறார்.

"சிலுவை இல்லாதது ஒண்டுதான் இருக்கும். அதுதான் பிள்ளை."

பஸ் வந்து நிற்கிறது. சாரதி என்னைப் பார்க்கிறார். போகும்படி கை காட்டிவிட்டு, பூவோடு மறுபடியும் குன்றில் ஏறுகிறேன்.