கைக்குட்டை போட்ட இடம்

நீங்கள் ரெண்டு பேரும் அப்போது ரொம்பச் சின்னப் பிள்ளைகள். சேலையூரில் நான் வேலை பார்த்த மோட்டார் காயில் கட்டும் பட்டறையை முதலாளி மூடிவிட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நடந்தே வேலைக்குப் போய் வந்தவன் நான். நாற்பதை நெருங்கும் வயதில் எழும்பூரில் ஒரு கட்டடத்துக்கு எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். அப்படித்தான் தினமும் காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுகிறவன் ஆனேன்.

ரயிலில் போகிறவர்கள் தனி ஊர்க்காரர்கள். ஒரு பெட்டியில் பஜனை நடக்கும், இன்னொன்றில் அரசியல் நடக்கும். நான் ஏறிய பெட்டியில் சீட்டாட்டம். மூன்று பேர். ஒருவர் பருமனானவர், ஒருவர் கண்ணாடி போட்டவர், ஒருவர் தாடி வைத்தவர். நடுவில் ஒரு கைப்பெட்டியை முட்டியில் தாங்கி, அதன்மேல் பேப்பரை விரித்து, வண்டி கிளம்புவதற்கு முன்பே கார்டு போட்டுவிடுவார்கள்.

முதல் நாளே தப்பு செய்தேன். அவர்களுக்கு எதிரே ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது, அதில் ஒரு கட்டம் போட்ட கைக்குட்டை கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

மூன்று பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

"சார், கர்ச்சீப் போட்டுகிறது தெரியல?" என்றார் பருமனானவர்.

"தெரியாம உட்கார்ந்துட்டேன் சார். யாராவது வராங்களா?"

கண்ணாடிக்காரர், "சாருக்கு ட்ரெயின் புதுசு போல. நின்னுகினு வந்தாதான் காத்து நல்லா வரும் சார்" என்றார். தாடிக்காரர் சிரித்தார். நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. யாரும் வரவில்லை. அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் வந்ததும் பருமனானவர் கைக்குட்டையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

நான் வேறு பெட்டிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று உங்களுக்குப் புரியுமோ என்னமோ. புது வேலையில் எனக்குப் பேச ஆளில்லை. அங்கே இருந்தவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாக டீக்குப் போவார்கள், என்னைக் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்ல வெட்கம். வளர்ந்த ஆம்பிளை, சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று புகார் சொல்வதா? அதனால் அந்த மூன்று பேர் பக்கத்திலேயே தினமும் நின்றேன். அவர்கள் ஜோக்குக்கு நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக. அவர்களுக்குள் எல்லாம் மச்சான்தான். "போடு மச்சான்", "ஏமாத்தாத மச்சான்". என்னிடம் தப்பித்தவறிப் பேசினால் "சார், கொஞ்சம் நகருங்க." அந்த சார் என்ற சொல் கதவைச் சாத்துவது போல இருக்கும். ஒரு தடவையாவது யாராவது என்னை மச்சான் என்று கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கினேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். வெயில் கொளுத்தினாலும் அந்த இடத்து ஜன்னலின் இரும்புத் தட்டியை அவர்கள் திறப்பதே இல்லை. யாராவது திறக்கப் போனால் தாடிக்காரர் கையைத் தடுத்துவிடுவார்.

ஒரு காலை பிளாட்பாரத்தைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், வண்டி அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. நடுவில் தண்டவாளம். மேம்பாலப் படியில் கால் வைக்க இடமில்லை. இளவட்டங்கள் குதித்துக் கடந்துகொண்டிருந்தார்கள். அப்போது அந்தப் பெட்டியிலிருந்து குரல் கேட்டது.

"மச்சான்! ஓடியா, இடம் போட்டாச்சு!"

என்னைத்தான். கூப்பிட்டுவிட்டார்கள். சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிளாட்பார ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலைக் கீழே தொங்கவிட்டேன்.

"யோவ்! வூட்ல சொல்ட்டு வன்ட்டியா?" என்று என் முதுகுக்குப் பின்னால் ஓர் அம்மா கத்தினார். பூக்கூடைக்காரம்மா. "இன்னாத்துக்கு இந்த அவசரம்? போய்ச் சேரவா?"

வீடு என்றதும் காலை இழுத்துக்கொண்டேன். எழுந்து நிற்பதற்குள் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று அந்தத் தண்டவாளத்தில் பாய்ந்து வந்தது. அதன் காற்று என்னைப் பின்னால் தள்ளியது. பெட்டி பெட்டியாகப் போய் முடிந்தபோது எதிர்ப்பக்கம் வண்டி இல்லை, கிளம்பியிருந்தது.

மறுநாள் நானே போய்ப் பேசினேன். பயத்தைவிட சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

"நேத்து நீங்க கூப்டீங்க. என்னால வர முடியல" என்றேன்.

"யாரு கூப்ட்டா?" என்றார் பருமனானவர்.

"நீங்கதான். மச்சான், ஓடியா, இடம் போட்டாச்சுன்னு."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த கார்டுகள் கீழே விழுந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"நாங்க யாரும் கூப்பிடல சார். அந்த ஜன்னல் மூடியேதான் கீது" என்றார் தாடிக்காரர், மெதுவாக.

பருமனானவர் தன் கார்டுகளைப் பேப்பர்மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார். அவர்கள் முன்பு நான்கு பேர். இதே மாதிரி பிளாட்பாரம் மாற்றிய ஒரு நாளில் நாலாவது ஆள் எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்டார். இவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டிருக்கிறார்.

"அதே வார்த்த சார். நான்தான் கூப்ட்டேன். நான் கூப்ட்டா வராம இருக்க மாட்டான். சிரிச்சிகினேதான் எறங்குனான்."

அதற்குப் பிறகு அந்தத் தண்டவாளத்தில் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வண்டி இன்னும் தாம்பரத்தை விட்டுக் கிளம்பவில்லை. அவர் கைக்குட்டையை எடுத்தார்.

"உட்காரு மச்சான்" என்றார்.

எவ்வளவு நாள் ஆசைப்பட்ட சொல்! உட்கார்ந்தேன். எனக்கும் கார்டு போட்டார்கள். சானடோரியம் போனது, குரோம்பேட்டை போனது. நான் எதை இறக்கினாலும் மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். தாடிக்காரர், "அவன மாதிரியே விசிறி கணக்கா புடிக்கிறான் பாரேன்" என்றார். நான் கார்டுகளை உடனே ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன். என் பேர் என்ன, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று எழும்பூர் வரை ஒருவரும் கேட்கவில்லை. தோளுக்குப் பக்கத்தில் அந்த இரும்புத் தட்டி மட்டும் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது. வெளியிலிருந்து யாரோ தட்டுகிற மாதிரி.

மறுநாளிலிருந்து முந்தின வண்டிக்குப் போக ஆரம்பித்தேன். அதில் எனக்கு யாரையும் தெரியாது.

அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாது. பேய் பிசாசு என்று உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. கூட்டத்தில் அத்தனை பேர் கத்தும்போது யார் யாரையோ கூப்பிட்டிருக்கலாம். என் ஏக்கமே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் சேர்த்துக்கொள்ளவில்லையே என்ற வலி ஒரு மனிதனைத் தண்டவாளம் வரை இறக்கிவிடும் என்று அன்று பார்த்தேன். உங்களுக்கும் அந்த வலி வரும். வந்தால் என்னிடம் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். நான் உங்கள் அம்மாவிடம் சொல்லாமல் விட்டதுபோல் விடாதீர்கள்.

பிறகு ஒரே ஒரு முறை பருமனானவரைப் பார்த்தேன். என் வண்டி கிளம்பிவிட்டது, நான் வாசலில் நிற்கிறேன், அவர் எதிர் பிளாட்பாரத்தில் தனியாக நிற்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வாயைத் திறந்தார். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வண்டி திரும்பி மறையும் வரை கையை எடுக்கவில்லை.