வழுக்காத விரிப்பு தேடிச் சிதம்பரத்துக்கு

2008, ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை எட்டே முக்காலுக்குக் கடலூர் முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை. டிக்கெட் பதினாறு ரூபாய். கைப்பையில் எங்கள் ஹால் அளவு எழுதிய சீட்டு: நீளம் பத்தரை அடி, அகலம் பத்தடி, சுவர் இளம்பச்சை, தரை வெள்ளை டைல்ஸ்.

அந்த டைல்ஸ் என் கணவர் தேர்ந்தெடுத்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான்கு மாதத்துக்கு முன் அதிலேயே வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. இவரோ சிமென்ட் தரை போட்ட உள்ளறையை விட்டு ஹாலில் கால் வைக்க மாட்டேன் என்கிறார். திங்கட்கிழமை விடுப்பு முடிகிறது. அதற்குள் தைரியம் வராவிட்டால் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிடுவாராம். நாற்பத்தொன்பது வயது! படுத்தே கிடக்க விடுவேனா நான்?

சிப்காட் ரசாயன ஆலைகளின் நெடி தாண்டும்வரை பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். ஒன்பதரைக்குப் புதுச்சத்திரம். அங்கே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என்ன காரியமாகப் போகிறேன் என்று விசாரித்தாள். சொன்னேன்.

"கம்பளம் வாங்கவா? இந்த வெயில்லயா?"

"வீட்டுக்காரருக்குக் கால் வழுக்குதுங்க."

"ரெண்டு சாக்க விரிச்சுப் போடுங்களேன். அழகா சோறு போடப் போவுது?"

சாக்கு விரித்துப் பார்க்காமலா இருப்பேன்? "இதென்ன ஹாலா, அரிசி மண்டியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் மனுஷன். இவர் காலுக்கும் சரிப்பட வேண்டும், கண்ணுக்கும் பிடிக்க வேண்டும். கடலூர்க் கடைகளில் சுருட்டியபடியே காட்டினார்கள். விரித்து நடந்து பார்க்கவிடும் கடை சிதம்பரத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் கிளம்பினேன்.

பத்தரை மணி. பஸ் நிலையத்திலிருந்து மேல வீதிக்கு ஆட்டோ முப்பது ரூபாய். கடைக்கார பாய் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"சோபா செட்டு இருக்காம்மா?"

"இல்ல பாய். ஒரு பிரம்பு நாற்காலி, டிவி ஸ்டாண்டு. மத்தபடி தரையிலதான் உக்காருவோம்."

"அப்ப நடுவுல மட்டும் விரிச்சா சரிப்படாது. உள்ரூம்புலேருந்து தெருக்கதவு வரைக்கும் நீட்டா ஓடணும். கதவு உள்ள தொறக்குதா, வெளிய தொறக்குதா?"

"உள்ளதான்."

"அப்ப தடிமன் ஆவாது. கதவு மாட்டிக்கும்."

அப்படிச் சொல்லிவிட்டு அவரே முதலில் விரித்தது தடிமனான சிவப்பு. நடுவில் பெரிய பூ. ராஜ தர்பார் மாதிரி இருந்தது. எனக்கு ஆசை பொங்கிவிட்டது. ஆனாலும் வந்த வேலை முக்கியம். கல்லாவில் சாய்த்திருந்த குடையைக் கேட்டு வாங்கி ஊன்றிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து, என் கணவர் நடக்கிற மாதிரியே நடந்தேன். பெருவிரல் புதைந்து தடுக்கியது. வேண்டாம். அடுத்தது பட்டுப்போல மினுமினுப்பு, குதிகால் வழுக்கியது. மூன்றாவதில் கோடும் கட்டமுமாக ஒரே குழப்பம். குனிந்து பார்த்தால் என் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"கால் அடிபட்டது உங்களுக்காம்மா?" என்றார் பாய்.

"வீட்டுக்காரருக்கு. அவர் கூட்டியாந்தா வர்ற ஆளா?"

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு மேல் தட்டிலிருந்து இன்னும் நான்கை இறக்கச் சொன்னார். ஏழாவது விரிப்பில் என் கால் நின்றது. ஐந்தடிக்குப் பத்தடி. கரும்பச்சை, பூ கிடையாது, மெல்லிசு, நெருக்கமான நெசவு, அடியில் ரப்பர். ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள். விரிப்பு எங்கே முடிகிறதென்று வீட்டுக்காரருக்குத் தெரியும். எங்கள் பச்சைச் சுவருக்கும் எடுப்பாக இருக்கும். பாய் ஆயிரத்து எண்ணூற்றைம்பது சொன்னார், ஆயிரத்து எழுநூற்றுக்கு முடித்தேன். கூடவே மேலே விரிக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட் பத்தடி கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டில் ரிமோட்டுக்குக் கவர் உண்டு, பிரிட்ஜுக்குக் கவர் உண்டு. ஸ்கூட்டர் சீட்டில் கம்பெனி போட்ட உறையை இன்னும் கிழிக்கவில்லை. புதுச்சாமானை வெறுமனே விட மனசு வருமா?

பன்னிரண்டே காலுக்குத் திரும்புகிற பஸ். "என்னம்மா, ஆளையே சுருட்டி எடுத்தாந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் லக்கேஜ் எட்டு ரூபாய் போட்டார். பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் குலுங்கியபோது, விரிப்பு சாயாமல் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு ஹாலில் விரித்து, மேலே ஷீட்டையும் போட்டு, கணவரைக் கூப்பிட்டேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தவர், "செவுத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது. கைத்தடியை ஊன்றி வலது காலை வைத்தார். ஷீட் சர்ரென்று நகர்ந்தது. நான் தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் தொலைந்தது கதை.

கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார்.  "என்னால ஆவாது. பேப்பர எடு, எழுதிடறேன்."

 ஏழு விரிப்பில் நொண்டி நொண்டி நடந்து பார்த்த மகராசி, இந்த ஷீட்டின் மேல் ஓரடி வைத்துப் பார்த்தேனா? என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஷீட்டை உருவிச் சுருட்டித் தெருவில் எறிந்தேன்.

"ஏய், புதுசுடி! அழுக்காயிடும்!"

"ஆவட்டும். அழுக்காவத்தான் வாங்கியாந்தேன். எழுந்து வாங்க."

 அவர் எழுந்து வந்து, கால்விரலால் விரிப்பை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை. ஓரடி வைத்தார். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது அடியில் நின்றார்.

"கைய எடு" என்றார். "நானே போறேன்."

எடுத்தேன். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் போனார், தெருக்கதவைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். காலையில் சிதம்பரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் தனியாகப் போய் வந்தபோது எனக்கு ஒரு பயமும் இல்லை. இந்தப் பத்தடியை அவர் தனியாகக் கடந்தபோதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.